ஓடை இங்கே நிற்பதில்லை

நான்காவது கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டார் லுட்கர் பெட்ரி.

'ஊராட்சியின் நில அமைப்பும் உள்ளூர் வரலாறும். இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுதவும்.'

லுட்கர் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நில அமைப்பு அங்கேயே இருந்தது. ஒரு சரிவு, அதில் ஐந்து மாடுகள், அதற்கு மேலே ஊசியிலைக் காடு, அதற்கும் மேலே மழை. வரலாற்றைத்தான் காணோம்.

"என்ன எழுதப்போற?" என்றாள் மனைவி உல்லா. உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"எதையெல்லாம் எழுதாம விடலாம்னு பாக்கறேன்."

பள்ளத்தாக்கில் மூன்று ஊராட்சிகள். மேலே ஹெக்கல்ராட், கீழே வைடன்ஷீட், நடுவில் நூற்று எண்பத்தேழு பேரோடு குரோம்பல்பாக். இத்தனை சின்ன ஊர்களுக்கு இத்தனை ஊராட்சி எதற்கு, ஒன்றாக்கிவிடலாமா என்று தலைநகரத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவார், அதற்கு முன் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்று மூன்று ஊருக்கும் கடிதம் வந்தது. இருப்பதிலேயே சின்ன ஊர் குரோம்பல்பாக். எதை எதோடு சேர்ப்பார்கள் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உடனே ஊர்மன்றம் கூடி, கடைசிவரை எதிர்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தலைவர் என்ற முறையில் லுட்கரும் கையைத் தூக்கினார். தூக்கும்போதே அவருக்குள் ஒரு சின்ன மணி அடித்தது. ஊரே இல்லையென்றால் ஊருக்குத் தலைவர் எதற்கு?

பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை, அவர் ஓட்டும் பள்ளிப் பேருந்து வழியில் நின்றுபோய், ஊர்க்கூட்டத்துக்கு முக்கால் மணிநேரம் தாமதமாக வந்தார். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பத்திரமாக வந்து சேர்ந்ததற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்து வணக்கம் சொன்னார். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத்தான் அந்தக் கைதட்டல் என்பது கோட்டைக் கழற்றிய பிறகே தெரிந்தது. அன்றிலிருந்து காலை ஐந்தேமுக்காலுக்குப் பேருந்து, மிச்ச நேரமெல்லாம் ஊர். கல்லறைத் தோட்டத்துக் குழாய் உறைந்துபோனால் லுட்கர். நாய்க் கழிவுப் பைகள் தீர்ந்துபோனால் லுட்கர். ஒருமுறை அவருடைய சொந்த மாமியாரின் அடக்கத்தின்போது, குழிக்குப் பக்கத்தில் வைத்தே ஒருவர் வேலித் தகராறைப் பற்றிக் கேட்டார்.

"பேசாம ராஜினாமா பண்ணிடேன்," என்றாள் உல்லா, நூறாவது தடவையாக.

"பண்ணினா துணைத்தலைவர் வருவாரு."

உல்லா அடுத்த கிழங்கை எடுத்தாள். துணைத்தலைவர் காஸ்பரிக்கு எழுபத்தொன்பது வயது. ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஊரின் சரித்திரத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அவர் கையில் கூட்டத்தைக் கொடுத்தால் தெருவிளக்கைப் பற்றிப் பேசவே பனியுகத்திலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பாவத்தைச் செய்துவிட்டு லுட்கர் ரொட்டிக்கடை வண்டிக்கு முன்னால் ஊராரோடு வரிசையில் நிற்க முடியாது.

ஆகவே ஊர் கரைய வேண்டும். தானாகக் கரைய வேண்டும். தன் கைரேகை அதில் இருக்கக்கூடாது.

லுட்கர் எழுதினார்: 'மேடு அதிகம். மண் மோசம். ஓடை ஒன்று ஹெக்கல்ராட்டிலிருந்து வந்து வைடன்ஷீட்டுக்குப் போகிறது. இங்கே நிற்பதில்லை. 1398-இல் ஊரின் பெயர் முதன்முறையாக ஓர் ஏட்டில் காணப்படுகிறது. வேறு ஊரில் காணாமல்போன பன்றி ஒன்று இங்கே அகப்பட்டது. அதன் பிறகு குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை.'

படித்துக் காட்டினார்.

"முப்பது வருஷப் போர்ல ஸ்வீடன்காரங்க கொள்ளையடிக்க வந்தாங்கன்னு காஸ்பரி சொல்வாரே?"

"வந்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. போயிட்டாங்க."

"அதையும் சேத்துக்க. இன்னும் கேவலமா தெரியும்."

சேர்த்தார். அரைப் பக்கம் வந்தது. அன்றைக்கு லுட்கர் நன்றாகச் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து, பேருந்தை ஓரங்கட்டிவிட்டு அவர் காபி குடித்துக்கொண்டிருக்கையில் கைப்பேசி அடித்தது.

"பெட்ரி சாரா? நான் டாக்டர் ஷ்ட்ரூவே, தலைநகரத்திலேர்ந்து. உங்க படிவத்தப் படிச்சேன்."

"மன்னிக்கணும் மேடம். எங்க ஊர்ல அவ்வளவுதான் சரக்கு."

"ஹெக்கல்ராட் நாப்பத்தாறு பக்கம் அனுப்பியிருக்காங்க. ரோமானியர் காலத்து ஓடுன்னு சொல்லி பதினோரு படம். வைடன்ஷீட் அம்பத்திரண்டு பக்கம். அதுல முதல் பத்துப் பக்கம் ஹெக்கல்ராட்காரங்க சொல்றதெல்லாம் பொய்னு. அப்புறம் உங்க அரைப் பக்கம் வந்துச்சு." மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "'ஓடை இங்கே நிற்பதில்லை.' அத வெட்டி என் மேசைமேல ஒட்டி வச்சிருக்கேன் சார். உங்க ஊருக்கு அரைமணி நேரம்தான் ஒதுக்கியிருந்தேன். இப்ப முழு நாளும் வர்றேன்."

லுட்கரின் காபி ஆறிப்போனது.

"அரைப் பக்கத்துக்கு முழு நாளா?" என்று அன்று மாலை வீட்டில் புலம்பினார்.

"அப்ப அம்பது பக்கம் எழுதியிருக்கணும் நீ. போன்லயே முடிஞ்சிருக்கும்," என்றாள் உல்லா.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டாமலே காஸ்பரி உள்ளே வந்தார். கையில் படிவத்தின் நகல். வட்டார அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒருத்தி கொடுத்திருக்கிறாள். முகம் பீட்ரூட்டாக இருந்தது.

"யோவ் லுட்கர்! பன்றியா? அறுநூறு வருஷத்துல ஒரு பன்றிதான் உன் கண்ணுல பட்டுச்சா?"

"சுருக்கமா கேட்டிருந்தாங்க..."

"சுருக்கமாவா? இது சரித்திரமாய்யா, மரண அறிவிப்பு! எரிஞ்ச மாதா கோயில் எங்க? ஸ்லேட் கல் சுரங்கம் எங்க? ரெண்டு வருஷப் பஞ்சத்துல ஊர்ல பாதிப்பேர் பிரேசிலுக்குக் கப்பலேறினாங்களே, அது எங்க?"

லுட்கர் அவர் முகத்தையே பார்த்தார். காஸ்பரி பேசப் பேச ஒரு நல்ல யோசனை வந்தது. இந்த மனிதர் பேசி யாராவது கடைசிவரை உட்கார்ந்து கேட்டது உண்டா? போன வருடம் ஊர்க்கூடத்தில் சரித்திர வாசிப்பு வைத்தபோது, பதினேழாம் நூற்றாண்டு வருவதற்குள் கூடத்தில் காஸ்பரியும் கூடத்துச் சாவி வைத்திருந்த லுட்கரும் மட்டும்தான் இருந்தார்கள்.

"அந்தம்மாவுக்கு நீங்களே சுத்திக் காட்டுங்களேன்," என்றார் லுட்கர். "எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க."

காஸ்பரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவரைக்கும் யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல லுட்கர்," என்றார்.

லுட்கர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். 

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை காலை, நசநசவென்ற தூறலில் கறுப்புக் கார் ஒன்று மேட்டு உச்சியில் இருக்கும் தேவாலயத்துக்கு எதிரே வந்து நின்றது. டாக்டர் ஷ்ட்ரூவே இறங்கினார். ஒல்லியான சின்ன உருவம், ஐம்பது வயதிருக்கும். இறங்கியதும் காரின் பின்பெட்டியைத் திறந்து, சொந்தமாகக் கொண்டுவந்த ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டினார். அதைப் பார்த்ததும் லுட்கரின் மனம் கொஞ்சம் கலங்கியது. போனால் போகிறது என்று வருகிறவர்கள் பூட்ஸ் கொண்டுவருவதில்லை. கார் ஓட்டிவந்த ஹில்மர் என்ற பருத்த மனிதர் இறங்கவில்லை. இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். லுட்கர் அவரைப் பொறாமையோடு பார்த்தார்.

காஸ்பரி தேவாலயத்தின் முன்னால் நின்று கையை உயர்த்தினார்.

"இந்தக் கூரைய பாருங்க மேடம். வடக்குப் பக்கம் விழற மழை மோசல் ஆத்துக்குப் போகுது. தெக்குப் பக்கம் விழறது நாஹெ ஆத்துக்கு. நடுவுல இருக்கற அந்த ஓடுதான் எல்லை. நானே அளந்திருக்கேன்."

ஆயிற்று, இனி கொட்டாவிதான் என்று லுட்கர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"நீர்பிரி மேடு!" என்று கூவினார் டாக்டர் ஷ்ட்ரூவே. "கோயில் கூரை மேலயேவா? சார், நான் புவியியல் படிச்சவ. என் ஆராய்ச்சியே இதுதான், தாழ்ந்த மலைகளோட நீர்பிரி மேடுகள். ஆறு வருஷம்!"

"ஆறு வருஷமா?" காஸ்பரியின் குரல் நடுங்கியது. "எந்த மலை?"

அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் லுட்கரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றரை மணிநேரம் மழையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு தண்ணியும் கடைசியில ரைன்லதான போய்ச் சேருது," என்றார் லுட்கர், பேச்சைக் கொஞ்சம் ஆறவைக்கலாமே என்று.

"அதுலதான்யா அழகே இருக்கு!" என்றார் காஸ்பரி. டாக்டர் ஷ்ட்ரூவே தலையைத் தலையை ஆட்டினார்.

இது சரிப்பட்டு வராது. ஊரின் அழகைக் காட்டினால் ஆபத்து, அழுக்கைக் காட்ட வேண்டியதுதான். லுட்கர் அதிகாரியைப் பேருந்து நிறுத்தத்துக்கு நடத்திக்கொண்டு போனார். பிப்ரவரிப் புயலில் பறந்துபோன கூரை இன்னும் திரும்பி வரவில்லை. உடைந்த பெஞ்சு. கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது.

"பாத்தீங்களா மேடம்? எட்டு மாசம். எட்டு மாசமா இப்படியே கிடக்கு. எங்களால சமாளிக்க முடியல."

அவர் எதிர்பார்த்தபடியே ஹைட்ரூன் என்ற பெண்மணி தன் குள்ள நாயோடு வந்து சேர்ந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தருகே நின்றால் ஹைட்ரூன் வருவார். லுட்கருக்கு நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

"தலைவரே! அந்தப் பதினாலாம் நம்பர் தெருவிளக்கு நேத்தும் நேரா என் கட்டில்மேல அடிச்சுது!"

"கேளுங்க மேடம்," என்றார் லுட்கர் கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு. "ஒன்பது வருஷமா இதே பிரச்சினை."

"நீங்க என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

"ஏணி போட்டு ஏறி ஒரு பக்கம் கறுப்பு பெயின்ட் அடிச்சேன்."

"நீங்களேவா?"

"வேற யாரு? அடிச்சதும் எதிர்வீட்டுக்காரரு வாசல் இருட்டா இருக்குன்னாரு. மறுபடியும் ஏறி, பாதிய சுரண்டி விட்டேன்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு பேருமே என்னத் திட்டறாங்க."

"ஒரே அளவா?"

லுட்கர் ஹைட்ரூனைப் பார்த்தார். ஹைட்ரூன் நியாயமாக யோசித்துவிட்டு, "ஆமா, ஒரே அளவுதான்," என்றார்.

டாக்டர் ஷ்ட்ரூவே குறிப்பேட்டைத் திறந்து, மழைக்குக் கையால் மறைத்தபடி, வெகுநேரம் எழுதினார். எழுதட்டும் என்று லுட்கர் நினைத்தார். கையாலாகாத தலைவர், பாதி சுரண்டிய விளக்கு. நல்லது.

மதியம் ஊர்க்கூடத்தில் காபி. இரண்டு கோப்பை போதும், பிஸ்கட்கூட வேண்டாம் என்று லுட்கர் சொல்லி வைத்திருந்தார். கதவைத் திறந்தால் உள்ளே அறுபது பேர். ஏழு வகை கேக். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு படுக்கை விரிப்பு. 'குரோம்பல்பாக் குரோம்பல்பாக்காகவே இருக்கும்' என்று அதில் தீயணைப்பு வண்டியின் சிவப்பு பெயின்டால் எழுதியிருந்தார்கள். கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அது மடிந்து ஜன்னல் பக்கம் போயிருந்தது.

"யாரு சொல்லி இதெல்லாம்?" என்று உல்லாவின் காதில் கேட்டார்.

"யாரும் சொல்லல. அவங்களா வந்தாங்க. விடியக்காலை நாலு மணியிலேர்ந்து சுட்டிருக்காங்க." உல்லா அவரை நேராகப் பார்க்கவில்லை. "ஆப்பிள் கேக் என்னுது."

"நீயுமா?"

"எல்லாரும் சுடும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருக்கறது?"

டாக்டர் ஷ்ட்ரூவே லுட்கரை ஒரு மூலை மேசைக்கு அழைத்துப்போனார். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று லுட்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஹெக்கல்ராட்டோட உங்க ஊருக்கு உறவு எப்படி?"

"தங்கமான ஊர் மேடம். எங்க டாக்டர் அங்க, கடை அங்க, குழந்தைகள விடற இடம் அங்க. எங்க அம்மாவே ஹெக்கல்ராட்தான். நாளைக்கே ஒண்ணா சேந்தாலும் எங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"வைடன்ஷீட்?"

"என் பொண்டாட்டி ஊரு! ஒரு சண்டை கிடையாது, ஒரு வழக்கு கிடையாது."

"அந்த ரெண்டு ஊர்த் தலைவர்களும் உங்களப் பத்தி நல்லாத்தான் சொன்னாங்க."

"நல்ல மனுஷங்க மேடம். தனித்தனியா பாத்தா."

டாக்டர் ஷ்ட்ரூவே வாய்விட்டுச் சிரித்தார். "உங்களுக்கப்புறம் இந்தப் பதவிக்கு யாரு?"

"ஒருத்தரும் இல்ல. மூணு தடவ மன்றத்துல கேட்டுப் பாத்துட்டேன். மூணு தடவயும் அவங்கவங்க ஷூவைக் குனிஞ்சு பாத்தாங்க."

"பதவிக்காலம் எப்ப முடியுது?"

"இன்னும் நாலு வருஷம் ரெண்டு மாசம்," என்றார் லுட்கர், சிறைக்கைதி நாள் சொல்வதைப்போல.

அதையும் எழுதிக்கொண்டு குறிப்பேட்டை மூடினார் டாக்டர் ஷ்ட்ரூவே. குரலைத் தாழ்த்தினார். "பெட்ரி சார், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நூத்தியெண்பத்தேழு பேரோட இந்த ஊராட்சி இப்படியே தனியா நீடிக்க முடியாது. ரெண்டு வாரத்துல கடிதம் வரும். அதுவரைக்கும் ஊர்ல சொல்லாதீங்க."

"புரியுது மேடம்," என்றார் லுட்கர். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்.

டாக்டர் ஷ்ட்ரூவே கிளம்பும் முன் இன்னொருமுறை கூரையைப் படமெடுக்கப் போனார். லுட்கர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். முடிந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிவரை தூங்கலாம். குழாய் உறைந்தால் உறையட்டும். யாராவது கூப்பிட்டால், 'அதை ஹெக்கல்ராட்ல கேளுங்க' என்று சொல்லலாம். அந்த வாக்கியத்தை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இனித்தது.

காஸ்பரி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலை ஈரமாக இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் லுட்கர். அந்தப் பன்றிய படிச்சப்ப நீ ஊரைக் கைகழுவப் போறன்னு நெனச்சேன். ரெண்டு பேர்கிட்ட வாய்விட்டுச் சொல்லவும் செஞ்சேன். இன்னிக்கு நீ என்னைப் பேச விட்ட. தப்பா நெனச்சதுக்கு மன்னிச்சுக்க."

"பரவால்ல, விடுங்க..."

"எங்க தாத்தா வீட்ல ஒம்பது பேரு. ஏழு பேர் பிரேசில் போயிட்டாங்க. இருந்தது ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரால நான் இருக்கேன். இந்த ஊரு பேரில்லாமப் போயிருந்தா எந்த ஊர்க்காரன்னு நான் சொல்லிக்குவேன், சொல்லு." காஸ்பரி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கூரையைப் படமெடுக்கும் அதிகாரிக்குத் துணையாக மறுபடியும் மழைக்குள் போனார்.

லுட்கரின் தட்டில் ஆப்பிள் கேக் அப்படியே இருந்தது. எதிரே பெண்கள் கோப்பை கழுவினார்கள். யாரோ நாற்காலியின் மேல் ஏறி, படுக்கை விரிப்பின் மடிந்த மூலையை நேராக இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

உல்லா வந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"முடிஞ்சுது."

"நீ கேட்டதுதான? சந்தோஷமா இருக்கியா?"

"இருக்கணும்தான்," என்றார் லுட்கர்.

"அந்தக் கேக்க சாப்பிடாமலா?"

லுட்கர் எழுந்தார். நாலு வருடம் ரெண்டு மாதம். அதற்கப்புறமும் யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். முழங்கால் வலித்தது. ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நடக்கும்போதே சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டார்: மேடம், நான் சொன்னதையெல்லாம் அடிச்சிடுங்க. எங்க ஊர எங்க ஊராவே விட்டுடுங்க. தெருவிளக்கு, குழாய், நாய் எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்.

டாக்டர் ஷ்ட்ரூவேயும் காஸ்பரியும் தேவாலயத்தின் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். காரருகே ஹில்மர் சோம்பல் முறித்துக்கொண்டு நின்றார். கேக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எனக்கா தலைவரே?"

"எடுத்துக்கங்க. மேடம் கிளம்பறதுக்குள்ள அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவசரம்." லுட்கருக்கு மூச்சு வாங்கியது. "எங்க ஊரைக் கொண்டுபோய் எதோடயும் சேக்க வேணாம்னு சொல்லணும். நான் இருக்கேன். எத்தனை வருஷமானாலும் நானே பாத்துக்கறேன்னு சொல்லணும்."

ஹில்மர் கேக்கில் பாதியை ஒரே வாயில் அடைத்து நிதானமாக மென்றார். மீசையில் ஒட்டிய துகளைப் புறங்கையால் துடைத்துவிட்டு, லுட்கரை ஒரு மாதிரி கனிவோடு பார்த்தார்.

"இதுக்கா இப்படிப் பதறி ஓடி வந்தீங்க? உங்க ஊர் எங்கயும் போகல தலைவரே, வர்ற வழியிலயே மேடம் சொன்னாங்க. ஒருத்தன் ஊரோட இன்னொருத்தன் சேர மாட்டேன்னு அடிச்சுக்கிட்டதுல, அந்த ரெண்டு ஊரும்தான் உங்க ஊரோட சேந்து உங்ககிட்ட வருது."